பக்கத்து மாடி அக்காவின் உருளைக்கிழங்குச் செடிகள்

அந்த அக்காவின் முன்னால் யாருக்கும் தனியாகத் தலைவலி வந்துவிட முடியாது. "தல வலிக்குதுக்கா" என்று சொல்லி வாயை மூடுவதற்குள், "எனக்கும் அதே தான். காலைலேர்ந்து இந்தப் பக்கம் இடிச்சிகினே கீது" என்று நெற்றியைப் பிடித்துக்கொள்வார். பல்வலி என்றால் அவருக்கும் அதே பல். மூட்டுவலி என்றால் அதே மூட்டு. நாம் இடது காலைச் சொல்லிவிட்டு, ஞாபகப் பிசகாக வலது காலைத் தேய்த்தால், அவரும் மரியாதையாகக் காலை மாற்றிக்கொள்வார்.

திருவொற்றியூரில் எங்கள் வீடும் அவர் வீடும் ஒன்றையொன்று ஒட்டி நிற்பவை. இரண்டு மொட்டை மாடிகளுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர் ஒன்றுதான். அக்கா அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலம். ஒரே மகளைப் புழலில் கட்டிக்கொடுத்திருந்தார். இப்போது அவரும் மகள் வீட்டோடு போய்விட்டார். அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். அவர்களுக்குத் தலை வலித்தால் அவர்களுக்கு மட்டும்தான் வலிக்கிறது.

வார்டில் வேலை பார்த்த காலத்தில் ஆபரேஷனுக்குப் போகிறவர்களின் தள்ளுவண்டி கூடவே நடந்து, "எனக்கும் இதே ஆப்ரேசன் தான் பண்ணாங்க. பாரு, கல்லு மாதிரி கீறேன்" என்று தியேட்டர் வாசல் வரை சொல்லிக்கொண்டே போவாராம். அந்தக் கணக்கில் பார்த்தால் பித்தப்பை, குடல்வால், கர்ப்பப்பை, கிட்னிக் கல் என்று அவர் உடம்பிலிருந்து எடுக்க இனி எதுவும் பாக்கியிருக்க நியாயமில்லை. ஒரு தடவை பழக்கதோஷத்தில், புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் போன பெரியவர் ஒருவரிடமும் "எனக்கும் இதே தான்" என்று சொல்லிவிட்டார். பெரியவர் சிரித்த சிரிப்பில் தள்ளுவண்டியே ஆடிப்போனது என்று பிற்பாடு அவரே சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் தெரு ஆட்டோக்காரரின் மகன் பிளஸ் டூவில் தவறிப்போனான். அவர் ஸ்டாண்டுக்கும் போகாமல் வண்டிக்குள்ளேயே சுருண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா போய், "இதுக்கு ஏன்ணே மனசு உடையிற? என் பொண்ணும் கணக்குல ஃபெயிலு தான். இப்ப நல்லா இல்ல?" என்றார். அன்றைக்குப் பார்த்து மகள் புழலிலிருந்து வந்திருந்தாள். மேலே ஜன்னலிலிருந்து ஒரு குரல். "யம்மா! கணக்குல நான் நூத்துக்கு நூறும்மா!" அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது அப்பால எழுதினது" என்று சொல்லிவிட்டு ஆட்டோக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

பெருமழையில் தெருவுக்குள் தண்ணீர் புகுந்தபோது, கீழ்வீட்டுக்காரர்களோடு சேர்ந்து நின்று, "எங்க வூட்லயும் முட்டி வரைக்கும் தண்ணி" என்று கையால் அளவு காட்டினார். அவர் குடியிருந்தது இரண்டாவது மாடியில். யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி முதலிலிருந்து துணிமணி நனைந்த கதையைச் சொல்வார் என்கிற பயமும் ஒரு காரணம்.

என் மனைவிக்கு இதெல்லாம் பிடிக்காது. "வாயத் தொறந்தா புளுகு. அந்த அக்காவுக்கு இன்னா வந்துச்சோ, அதுக்கே தெரியாது" என்பாள். நான் அக்கா பக்கம் பேசினால், "ஆமா, ரெண்டும் ஒரே லூசு கேஸு" என்று முடித்துவிடுவாள். என் விஷயத்தில் அவள் சொன்னது சரிதான்.

நான் கன்டெய்னர் யார்டில் சர்வேயராக இருந்தவன். சர்வேயர் என்றதும் நிலம் அளப்பவன் என்று நினைத்து என்னிடம் பட்டா விவரம் கேட்டவர்கள் உண்டு. என் வேலை கப்பலில் வரும் இரும்புப் பெட்டிகளைச் சுற்றி வருவது. எங்கே ஒடுக்கு, எங்கே துரு, எங்கே ஓட்டை என்று பார்த்து மார்க்கரால் வட்டம் போட வேண்டும். அடுத்த தடவை பார்க்கும்போது துரு வட்டத்தைத் தாண்டியிருந்தால் அது வளர்கிறது என்று அர்த்தம். உடனே அதைச் சுற்றி இன்னொரு வட்டம். எங்கள் வேலையில் முதல் பாடம், எதையும் துடைத்துப் பார்க்கக் கூடாது என்பது. கண்டதைக் கண்டபடி குறிக்க வேண்டும். துடைத்தவன் எதையோ மறைத்தவன் ஆகிவிடுவான். இந்த ஒரு பாடத்தை மட்டும் நான் வாழ்க்கையில் ஒழுங்காகப் படித்தேன். அதனால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

யார்டை மூடிவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டியவனை எவன் வேலைக்குக் கூப்பிடுவான்? வீட்டில் உட்கார்ந்தேன். அக்கா சுவர் ஓரமாக வந்து நின்று, "எனக்கும் வேல போச்சு நைனா" என்றார். எனக்குச் சுர்ரென்று வந்தது.

"உங்களுக்குப் போகலைக்கா. ரிட்டையர்டு ஆயிட்டீங்க. பென்சன் வருது."

"வருது. இல்லன்னு சொல்லல. ஆனா காலைல எழுந்து குளிச்சிட்டு எங்க போறதுன்னு தெரில நைனா."

நானும் அன்று காலை குளித்து, பேண்ட் போட்டு, சட்டைப் பையில் மார்க்கரைச் செருகிக்கொண்டு, அதற்கப்புறம்தான் மொட்டை மாடிக்கு வந்திருந்தேன்.

மாடித்தோட்டம் அப்படித்தான் ஆரம்பித்தது. தக்காளி போட்டேன், பூவோடு நின்றது. வெண்டை போட்டேன், விறகாக வளர்ந்தது. கீரைகூட முளைக்கவில்லை. கீரை முளைக்காத மண்ணைத் தயார் செய்ய எவ்வளவு திறமை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். சொந்தக்காரர்கள் போனில் என்னைக் கேட்டால் என் மனைவி, "அவரு மாடில கீறாரு" என்பாள். தண்ணித் தொட்டியைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருக்கும்.

கடைசியாக உருளைக்கிழங்கு. போனில் ஒரு வீடியோவில், பையில் மண் போட்டு வளர்த்துக் கவிழ்த்தால் கிழங்காகக் கொட்டியது. மயங்கிவிட்டேன். என் மனைவிக்கு அந்த மாடியில் ஷீட் போட்டு ஓர் அறையாக்கி வாடகைக்கு விட வேண்டும். பொங்கல் வரை தவணை கொடுத்தாள். "கெழங்கு வந்தா மாடி உனக்கு. வரலன்னா ஷீட்டு." வாடகை வந்தால் வீட்டுக்கு நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அந்தக் கிழங்கு வேண்டியிருந்தது. இந்த மனுஷன் ஒரு வேலையையாவது உருப்படியாக முடித்தான் என்று அவள் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டியிருந்தது. அதைக் கேட்காமல் போய்விடுவேனோ என்று நிஜமாகவே பயந்தேன்.

விதைக்கிழங்கில் பாதியை அக்காவிடம் கொடுத்தேன். முளைக்கண் வைத்து வெட்டி, பழைய பெயிண்ட் வாளிகளிலும் அரிசிச் சாக்குகளிலும் நட்டார். அவருக்கும் ஒரு திட்டம் இருந்தது. மகள் சின்ன வயதிலிருந்து உருளைக்கிழங்கு இல்லாமல் சோற்றில் கை வைக்க மாட்டாளாம். "பொங்கலுக்கு வரும்போது என் கையால வெளஞ்ச கெழங்கு பொரியல் வெப்பேன். அப்பால ஒரு கொற சொல்ல மாட்டா பாரு" என்று மீன்காரம்மாவிலிருந்து பால்காரர் வரை எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். தினமும் காலையில் ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைப்பார். செடிகளிடமும் அதே பேச்சுதான். "நின்னுகினே கீறியே, காலு நோவுதா? எனக்கும் அதே தான்" என்று சொல்வது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும்.

இரண்டு மாடியிலும் செடி நன்றாகவே வந்தது. என் மாடியிலும் வந்தது என்பதை நானே நம்பவில்லை. மார்கழிப் பனி ஆரம்பித்தபோதுதான் என் செடிகளின் அடி இலைகளில் கறுப்புப் புள்ளிகளைப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் விரலை எச்சில் தொட்டு முதலில் இலையைத் துடைத்துப் பார்ப்பார்கள். வெள்ளைச் சட்டையைக் காயப்போட்டு வெள்ளையாக எடுத்தவர் எவரும் இல்லாத ஊர் இது. காற்றில் ஆலைக் கரி வரும், பனியில் ஒட்டிக்கொள்ளும். சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்கு மட்டும் தொழில் தர்மம் குறுக்கே வந்தது. துடைக்கக் கூடாதே! சட்டைப் பையிலிருந்து மார்க்கரை எடுத்தேன். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு வட்டம். மறுநாள் பார்த்தால் புள்ளி பெரிதாகி வட்டத்தைத் தாண்டியிருந்தது. அதைச் சுற்றி இன்னொரு வட்டம். அடுத்த நாள் இன்னொன்று. அப்புறம் வேப்பெண்ணெயையும் சோப்புத் தண்ணீரையும் கலந்து எல்லாச் செடிகளுக்கும் அடித்தேன்.

அடித்ததில் கரியும் போயிற்று, மசியும் போயிற்று. ஆனால் மசி இருந்த இடமெல்லாம் இலை பொசுங்கி, பழுப்பு வளையங்களாக நின்றது. நடுவில் மஞ்சள். நான் வரைந்த கோட்டின் மேலேயே நோய் பிசகாமல் வந்து நிற்பதைப் பார்த்து, என் சர்வே எவ்வளவு துல்லியம் என்று உள்ளூரக் கொஞ்சம் பெருமைப்பட்டேன். இதை எழுதும்போது என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

வீடியோவில் பார்த்தால், அடி இலையில் வட்டத்துக்குள் வட்டம் வந்தால் அது கருகல் நோய் என்றார்கள். காற்றில் பரவும், பக்கத்துச் செடிக்கும் தொற்றும் என்றார்கள். ஆரம்பமென்றால் இலையைக் கிள்ளினால் போதும், செடி முழுக்க ஏறிவிட்டால் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள் என்றார்கள். ஓர் இலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு சுவருக்கு ஓடினேன்.

"அக்கா, இத கொஞ்சம் பாருங்க. வட்டத்துக்குள்ள வட்டம். உங்க செடில இது மாதிரி கீதா?"

அக்கா இலையைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். "அடப் போ நைனா, இதுக்கா இப்டி ஆயிட்ட? எங்க வூட்டுதுலயும் அதே தான். வட்டம் வட்டமா கீது."

"எல்லாச் செடிலயுமா?"

"எல்லாத்துலயும் தான்."

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குத் தலையில் இடி விழுந்தது. இரண்டு மாடியிலும் ஒரே நோய் என்றால் தொற்று உறுதி. புராஸ்டேட் கதையைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தவன் நான். இரண்டாம் மாடியில் முட்டி வரை தண்ணீர் நின்றதையும் கேட்டவன் நான். ஆனால் செடி விஷயம் என்றதும் அந்த அக்கா எனக்குச் சாட்சியாகிவிட்டார். எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் தூரத்தில் அவர் வாளிகள் இருந்தன. நான் எட்டிப் பார்க்கவில்லை.

"அப்ப புடுங்கிடணும்க்கா" என்றேன். "ரெண்டு மாடிலயும். இல்லன்னா தெருவுல யாரும் ஒரு தக்காளிச் செடிகூட வெக்க முடியாது."

அக்கா தன் வாளிகளின் பக்கம் திரும்பிப் பார்த்தார். "எல்லாத்தையுமா நைனா?"

"எல்லாத்தையும் தான்க்கா. நாளைக்குக் காலைல."

"சரி" என்றார். "நீ வெசனப்படாத. எனக்கும் தானே போவுது."

மறுநாள் காலை, தண்ணித் தொட்டிக்குப் பின்னால் என் செடிப் பைகளின் முன் நின்றேன். கை போகவே இல்லை. துணி வாளியோடு மேலே வந்த மனைவி, "இன்னாய்யா, சாமி கும்புட்றியா?" என்றாள்.

சொன்னேன். கருகல் நோய், காற்றில் பரவுவது, அக்கா மாடியிலும் வந்துவிட்டது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். விரலை எச்சில் தொட்டு மேல் இலை ஒன்றைத் துடைத்தாள். விரலில் கரி வந்தது. அப்புறம் அடி இலையைத் திருப்பினாள்.

"இது இன்னா வட்டம்?"

"நோய் போட்ட வட்டம்."

என் சட்டைப் பையில் இருந்த மார்க்கரைப் பார்த்தாள். "நோய் எந்தக் கடைலய்யா மார்க்கர் வாங்கிச்சு? நீ பேனா போட்ட எலை மட்டும்தான் காஞ்சி கீது. போடாதது எல்லாம் பச்சையா தானே கீது? அந்த மசி நாத்தத்துக்கு எனக்கே கண்ணு எரியும். எலை இன்னா இரும்பா, தாங்கிகினு நிக்க?"

ஒவ்வோர் இலையாகப் பார்த்தேன். அவள் சொன்னது அப்படியே சரி. நோய் இல்லை, ஒன்றும் இல்லை. செடிகள் கிண்ணென்று நின்றன. எனக்கு வந்த சந்தோஷத்தில் அவளைத் தூக்கிச் சுற்றலாம் போலிருந்தது, முதுகுவலியை நினைத்து விட்டுவிட்டேன். சிரித்தேன். அவளும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நிறுத்தினேன். அப்படியென்றால் அக்காவின் செடியில் வட்டம் எப்படி வந்தது? அக்காவிடம்தான் மார்க்கர் கிடையாதே!

சுவருக்கு ஓடினேன்.

அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். வாளிகள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. செடிகள் வேரோடு வரிசையாகப் படுத்திருந்தன. ஓர் இலையில் ஒரு புள்ளி இல்லை. தினமும் துடைத்த இலைகள், கடையில் வாங்கிய கீரைக்கட்டு மாதிரி பளபளவென்று இருந்தன. வேர்களில் கோலிக்குண்டு அளவில் கிழங்குகள் தொங்கின. சிலவற்றை முந்தானையில் சேர்த்து வைத்திருந்தார்.

"வா நைனா. நான் முடிச்சிட்டேன்" என்றார். முழங்கை வரை மண். கண் சிவந்திருந்தது, ஆனால் சிரித்தார். "உனுக்குக் கை வராதுன்னு தெரியும். ஒருத்தி மொதல்ல புடுங்கினாத்தான் உனுக்குத் தெம்பு வரும்னு காலைலயே எழுந்து வந்துட்டேன். பொண்ணுக்கும் ஃபோன் போட்டு சொல்லிட்டேன், பொங்கலுக்குக் கடைக் கெழங்கு தான்னு."

நோயே இல்லைக்கா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அவர் ஆசை ஆசையாக வளர்த்ததை ஒன்றுமில்லாததற்குப் பிடுங்கிப்போட்டார் என்றாகிவிடும். நேற்று சொன்னது பொய் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னதும் ஆகிவிடும். அதற்கு எனக்கு நெஞ்சில்லை. இந்த உலகத்தில் நான் தனியாக நஷ்டப்படக் கூடாது என்று இவ்வளவு தூரம் வந்த வேறு ஒருவரை எனக்குத் தெரியாது.

"நீ புடுங்கிட்டியா?" என்று கேட்டார். தண்ணித் தொட்டி மறைத்ததால் அவருக்கு என் செடிகள் தெரியவில்லை.

"புடுங்கிகினே கீறேன்க்கா" என்றேன்.

"தோ, கைய கழுவிகினு நானும் வரேன். தனியா செய்யாத."

தொட்டிக்குப் பின்னால் திரும்பி வந்தேன். மனைவி அங்கேயே நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. கத்தப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டே முதல் பையின் செடியைப் பிடித்து இழுத்தேன். மண் இறுகியிருந்ததால் பையும் கூடவே வந்தது. அவள் குனிந்து பையின் வாயை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். செடி வந்தது. அடுத்த பையையும் அப்படியே பிடித்தாள். நான் இழுத்தேன்.

மூலையில் இருந்த கடைசிப் பையில்தான் செடி எல்லாவற்றையும் விட உயரமாக நின்றது. அதற்கு முன்னால் வந்ததும் என் கை நின்றுவிட்டது. ஒன்று மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும், பொங்கலன்று இவளிடம் காட்ட ஒரே ஒரு பை, என்று மனசு அடித்துக்கொண்டது. வெட்கமாகத்தான் இருந்தது.

"அதையும் புடுங்கு" என்றாள். "ஒண்ணு நின்னாலும் அக்கா பாத்துடும்."

"அப்ப ஷீட்டு?"

"ஷீட்டு எங்க ஓடிடப் போவுது?" முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பையின் வாயையும் பிடித்தாள். "சீக்கிரம் புடுங்குய்யா, அக்கா வருது."